இட்லி நாட்களில் குளிர்ந்த அறை

கௌதம் கண்ணா,

நேற்று மத்தியானம் நீ அனுப்பிய மெசேஜை இதுவரை பத்து தடவையாவது படித்திருப்பேன். ஹீட்டை எத்தனையில் வைப்பீர்கள் என்று ஒரு வரி. எங்கள் வீடு கொஞ்சம் குளிர்கிறது என்று இன்னொரு வரி. வழக்கம்போல இங்கிலீஷில். "அவன் கேட்டது ஒரு நம்பர். அதைத் தட்டி அனுப்பிட்டு வந்து சாப்பிடேன்" என்று அப்பா சொன்னார். என்னால் முடியவில்லை. முதல் வரிக்கு ஒரு நம்பர் போதும். உன் இரண்டாவது வரிக்குத்தான் எனக்கு இவ்வளவு பக்கம் வேண்டியிருக்கிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

தமிழில் எழுதுகிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு, எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய். தடுக்கிற இடத்தில் நந்தினி படித்துக் காட்டுவாள். எனக்கு வாய்த்த மருமகள் கோயம்புத்தூர்ப் பெண், நம் இரண்டு பேரையும்விட அவள் தமிழ் சுத்தம். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் எனக்கு ரிப்போர்ட்தான் வருகிறது. நேற்றே ஒரு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் 'அப்சர்வேஷன்' என்று எழுதிவிட்டு, என்னையே திட்டிக்கொண்டு கிழித்துப் போட்டேன். பெற்ற பிள்ளைக்கு அப்சர்வேஷன் எழுதுகிற அம்மா வேறு எங்காவது இருப்பாளா, தெரியவில்லை.

முதலில் நம்பரைச் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கும்போது அறுபத்தெட்டு ஃபாரன்ஹீட். தூங்கும்போதும் இரண்டு பேரும் வெளியே போகும்போதும் அறுபத்துநாலு. இதற்குக் கீழே இறக்கிவிட்டுப் பெருமைப்படாதே. அப்படி இறக்கிப் பெருமைப்பட்டவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எனக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று உனக்குத் தெரியாது. நீ பிறந்த வருஷம் நாம் பிஸ்கட்டவேயில், யூனிவர்சிட்டி பஸ் நிற்கிற ரோட்டில், இரண்டாவது மாடி அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ஹீட் வாடகையோடு சேர்ந்தது, அதைக் கூட்டுவதும் குறைப்பதும் வேறு யார் கையிலோ. ஜனவரியில் ரேடியேட்டர் கொதிக்கும். நீ தொட்டிலில் வேர்த்துப்போய் அழுவாய். அப்பா போய் ஜன்னலைத் திறந்துவிடுவார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே உன் அப்பா பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எனக்கு வயிறு எரியும். "தெருவுக்கு ஹீட்டர் போடறோமே, இது அடுக்குமா?" என்று தினமும் புலம்புவேன். சொந்த வீடு என்று ஒன்று வந்தால் அந்த டயல் என் கையில்தான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

வந்தது. உனக்கு ஆறு வயது. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது நீ கராஜுக்கு மேலே இருந்த அறைக்குள் ஓடிப்போய், "திஸ் ஒன் இஸ் மைன்!" என்று கத்தினாய். அந்த ஜன்னலிலிருந்து பாஸ்கெட்பால் கூடை தெரிந்தது, உனக்கு அது போதும். கராஜுக்கு மேலே இருக்கிற அறைக்கு அடியிலிருந்து சூடு வராது, மூன்று பக்கமும் வெளிச்சுவர், வீட்டிலேயே முதலில் குளிர்கிற அறை அதுதான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை, அது என் தொழில்.

என்ன தொழில் என்று நந்தினிக்குச் சரியாகத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். மருந்துக் கம்பெனியின் கிடங்கில் எல்லா இடத்திலும் சூடு ஒரே அளவில் இருக்கவேண்டும். சுவரில் மாட்டியிருக்கிற ஒரே தெர்மோமீட்டர் சொல்வதை நம்பிவிட முடியாது. அது மாட்டியிருக்கிற இடத்துக்கு மட்டும்தான் அது சாட்சி. அதனால் தீப்பெட்டி அளவில் லாகர் என்று ஒன்று, அதை மூலை மூலையாக, கதவோரம், கூரையோரம், ஃபேனுக்குப் பின்னால் எல்லாம் தொங்கவிட்டு, பல நாள் பதிவு செய்து, எந்த மூலை சுடுகிறது எந்த மூலை குளிர்கிறது என்று படம் வரைவோம். இருபத்திரண்டு வருஷம் இதுதான் என் பிழைப்பு. யார் யாரோ போட்டுக்கொள்கிற தடுப்பூசிக்குக் குளிர்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரே ஒரு லாகரை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அறையில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் நான் வேறு ஆள். கேஸ் கம்பெனியிலிருந்து மாதாமாதம் ஒரு கடிதம் வரும். உங்கள் வீடு, அக்கம்பக்கத்து வீடுகள், அதில் சிக்கனமான வீடுகள் என்று, எரித்த கேஸுக்கு மூன்று கோடு போட்டிருப்பார்கள். நம் கோடுதான் எப்போதும் குட்டை. பக்கத்தில் இரண்டு சிரிக்கிற மூஞ்சி. அதை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டுவேன். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டும் எனக்கு. காந்தம் போதாமல் ஒரு தடவை உன் ஆர்ட் கிளாஸ் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை ஒட்டினேன். நீ ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுத்துக்கொண்டு போனாய். அந்தப் படத்தில் என்ன வரைந்திருந்தாய் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இனி அப்பாவின் மாவுப் பெட்டிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் கிரைண்டரில் மாவு அரைப்பார். இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்கவே பொங்காது. ஓவனுக்குள் லைட்டைப் போட்டு வைத்துப் பார்த்தோம். நான் மறந்துபோய் ஓவனை ஆன் செய்து, சுற்றியிருந்த டவலோடு மாவு கருகி, ஸ்மோக் அலாரம் அடித்து, நீ காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். அதற்கப்புறம் அப்பா ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்தார். உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று, பாத்திரம் வைக்க ஒரு கம்பித் தட்டு, மேல் பலகையில் காற்று போக நாலு ஓட்டை. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் மாவு விளிம்புவரை ஏறி நிற்கும். அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே, பிரசவம் பார்த்த டாக்டர் மாதிரி வெளியே வந்து சொல்வார். எல்இடி பல்பு வந்தபோது, "இதுல வெளிச்சம்தான் வருது, சூடு வரலையே" என்று கடை கடையாக ஏறி இறங்கி பழைய பல்புகளை வாங்கி பேஸ்மென்ட்டில் அடுக்கினார். மான்மவுத் ஜங்ஷனில் மூன்று சிநேகிதர்கள் வீட்டுக்கு அதே மாதிரி செய்தும் கொடுத்தார்.

பெட்டி நின்ற இடம் கிச்சனுக்கு வெளியே, ஹால்வேயில், ப்ளக் இருந்த சுவரோரம் ஒரு குட்டி மேஜைமேல். அதே சுவரில், பெட்டிக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில் தெர்மோஸ்டாட், சூட்டைப் பார்த்து ஹீட்டை ஓடவிட்டு நிறுத்துகிற அந்த டயல்.

படிக்கும்போதே உனக்குப் புரிந்துவிடும். உனக்கு எப்போதோ புரிந்துவிட்டது, எனக்குத்தான் இருபது வருஷம் ஆனது. பெட்டியின் நாலு ஓட்டையிலிருந்து வருகிற சூடு நேராக மேலே ஏறி தெர்மோஸ்டாட்டில் படும். அது வீடே எழுபது டிகிரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கச் சூடு அனுப்புகிற ஃபர்னஸை அணைத்துவிடும். வெள்ளிக்கிழமை சாயந்திரத்திலிருந்து சனிக்கிழமை இட்லி ஊற்றி முடிகிறவரை வீட்டில் ஹீட்டே ஓடாது. எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அடுப்புப் பக்கத்தில் இருந்தோம். எங்கள் பெட்ரூமும் கிச்சனுக்கு மேலே. மூன்று வெளிச்சுவருக்கு நடுவில் படுத்திருந்தவன் நீ ஒருத்தன்தான்.

ஆறாவது படிக்கும்போது நீயே வந்து சொன்னாய். "அம்மா, ஆன் இட்லி டேஸ் மை ரூம் இஸ் கோல்ட்." நான் சிரித்தேன். "இட்லிக்கும் குளிருக்கும் என்னடா சம்பந்தம்? ஹோம்வொர்க்குக்கு டிமிக்கி குடுக்க இது ஒரு சாக்கா? போய் ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றேன். அப்பாவும் சிரித்தார். நீ மாடிக்குப் போனாய்.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். உன்னிடம் ஒரு நீல மீன் இருந்ததே, கண்ணாடித் தொட்டியில். அந்தத் தொட்டியின் தெர்மோமீட்டரை எடுத்து உன் மேஜைமேல் வைத்து, இரண்டு வாரம் தினமும் பார்த்து, நோட்டிலிருந்து கிழித்த பேப்பரில் எழுதிக்கொண்டு வந்தாய். ஒரு பக்கம் கிழமை, ஒரு பக்கம் டிகிரி. வெள்ளியையும் சனியையும் சுற்றி வட்டம். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பதினொரு வயதில், அம்மாவின் தொழிலை நீயே கண்டுபிடித்திருந்தாய். நான் டைனிங் டேபிளில் ஆபீஸ் வேலையாக உட்கார்ந்திருந்தேன், கையில் சிவப்புப் பேனா. அதே பேனாவால் உன் பேப்பரில் எழுதினேன். எத்தனை மணிக்கு எடுத்தாய்? அறையில் எந்த இடத்தில்? இந்தத் தெர்மோமீட்டரைச் சரிபார்த்தாயா? "இது டேட்டா இல்லடா கண்ணா. எங்க ப்ளான்ட்ல இப்படிக் கொண்டுவந்தா நான் சைன் பண்ண மாட்டேன். எல்லாத்தையும் கம்ப்ளீட் பண்ணி எடுத்துட்டு வா." உன்னை உற்சாகப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நீ "ஓகே" என்று பேப்பரை நாலாக மடித்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவே இல்லை. எப்படி எழுதியிருந்தது என்று மட்டும்தான் பார்த்தேன்.

அப்புறம் நீ வேறு வழி பார்த்தாய். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் மீன் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சட்டையில் தளும்ப, படியிறங்கி வந்து கிச்சன் கவுண்டரில் வைப்பாய். "சாப்பாடு இருக்கற இடத்துல மீனை வைக்காதேடா!" என்று கத்துவேன். "இட்ஸ் டூ கோல்ட் ஃபார் ஹிம்" என்பாய். உனக்குக் குளிர்கிறது என்று சொல்வதை அதற்குள் விட்டுவிட்டாய். மீனுக்காவது கேட்பேனா என்று பார்த்தாய். அதற்கும் கேட்கவில்லை நான், துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைத்தேன்.

அந்தப் பேப்பருக்குப் பிறகு நீ என்னிடம் கொண்டுவந்ததெல்லாம் முடிந்த விஷயங்கள். ரிப்போர்ட் கார்டு, காலேஜ் அட்மிஷன், ஆஃபர் லெட்டர், நந்தினியைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிற முடிவு. முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிற எதையும், உனக்கே புரியாத எதையும், நீ என்னிடம் கொண்டுவந்து போட்டதில்லை. ரொம்பப் பொறுப்பான பையன், ஒரு தொந்தரவு கிடையாது என்று நான் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே கோயிலில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. போன வருஷம், பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேண்டீனில், நீ காரை எடுக்கப் போயிருந்தாய். நந்தினி புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், "நல்ல வேளை அத்தை, இந்த வேலை கிடைச்சுது. லே-ஆஃப் ஆன அந்த நாலு மாசமும் இவரு ஒழுங்காத் தூங்கவே இல்ல." எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாள், பாவம். அந்த நாலு மாசமும் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் வந்தாய். "வேலை எப்படிடா போகுது?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டேன். "ஃபைன்" என்றாய். எனக்கு எதிரில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு, பதினாறு தடவை. அவள்மேல் கோபப்படாதே, அவள் சொல்லாவிட்டால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

காரில் ஏறியதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" நீ கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே, "ஐ வான்டட் டு ஹேவ் ஆல் த டேட்டா ஃபர்ஸ்ட், அம்மா" என்றாய். குத்திக்காட்டவில்லை நீ. அப்படிப் பேசுகிற பிள்ளை இல்லை. உனக்கு அது இயல்பாக வந்தது, அவ்வளவுதான். எனக்குத்தான் கோபம் வந்தது. "பெத்த அம்மாகிட்ட சொல்றதுக்கு என்னடா டேட்டா?" என்று வழி நெடுகக் கத்தினேன். இந்தப் பாடத்தை உனக்கு நடத்தியவள் நான்தான் என்று அன்றைக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது இந்த ஜனவரியில். எனக்கு ஃப்ளூ வந்ததே, அப்பாவுக்கு ஆஸ்துமா என்பதால் நான் உன் அறைக்கு மாறினேனே, அப்போது. அப்பா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். ரிட்டயர் ஆனபோது ஆபீஸ் மேஜையைக் காலி செய்த சாமானை உன் டிராயரில்தான் கொட்டி வைத்திருந்தேன். பொழுது போகாமல் குடைந்ததில் ஒரு பழைய லாகர் கிடைத்தது. காலாவதியானது, வேண்டாம் என்று தூக்கிப்போட்டது. பழக்க தோஷம், அதை ஓடவிட்டு உன் மேஜைமேல் வைத்தேன். சனிக்கிழமை காலை எனக்கு நடுக்கம் தாங்கவில்லை. ஜுரம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். "ஹீட்டைக் கொஞ்சம் ஏத்துங்களேன்" என்று அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் கீழே போய்ப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே எழுபது காட்டுதே! இன்னொரு போர்வை போத்திக்கோ" என்றார். அவர் குரலில் என் பேச்சையே கேட்கிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாகரை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம்வரை கோடு மேஜை மாதிரி சமமாகப் போகிறது. அப்பா பெட்டியை ஆன் செய்த நேரத்திலிருந்து சரிய ஆரம்பிக்கிறது. சனிக்கிழமை காலை ஐம்பத்துநாலு. இட்லி முடிந்து பெட்டியை அணைத்ததும் மெல்ல ஏறுகிறது. இந்த மாதிரிக் கோடுகளை ஆயிரக்கணக்கில் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், கௌதம். ஒரு நாள் குளிருக்கே நான் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்குகிறேன். நீ அந்த அறையில் எத்தனை குளிர்காலம் படுத்திருந்தாய், எத்தனை சனிக்கிழமை விறைத்த கையோடு கணக்குப் போட்டாய். கீழே நாங்கள் சிரித்த முகம் ஒட்டிய ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா மாஸ்க் போட்டுக்கொண்டு மேலே வந்து பார்த்தார். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நேரே கீழே போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "என் இட்லியா புள்ளைய குளிர வெச்சுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று வாரம் மாவே அரைக்கவில்லை. அப்புறம் பெட்டியை பேஸ்மென்ட்டில் வாட்டர் ஹீட்டர் பக்கத்துக்கு மாற்றினார். மான்மவுத் ஜங்ஷனில் மூன்று வீட்டுக்கும் ஃபோன் போட்டு, விற்ற மருந்தைத் திரும்பக் கேட்கிற கம்பெனி மாதிரி, "பெட்டி எங்க இருக்கு? தெர்மோஸ்டாட் எங்க இருக்கு?" என்று விசாரித்தார். "அவன்கிட்ட நீ சொல்லிடு, மனசு ஆறும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ வருகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாய்வரை வரும். வெளியே வரும்போது "இன்னொரு தோசை வெச்சுக்கோ" என்று மாறிப்போகும். இப்படியே பதினொரு மாசம் ஓட்டிவிட்டேன். மன்னித்துவிடுடா கண்ணா. அறை குளிர்ந்ததற்கு மட்டும் இல்லை, நீ சொன்னபோது கேட்காததற்கு.

இப்போது தெரிகிறதா, நேற்று ஏன் உன் இரண்டாவது வரியைப் பத்து தடவை படித்தேன் என்று? காரணம் சொல்லாமல், கணக்குக் காட்டாமல், சும்மா குளிர்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாய், இத்தனை வருஷம் கழித்து. நந்தினி பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்யச் சொன்னாளோ என்னவோ. யார் சொல்லி எழுதியிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உன் வீடு ஏன் குளிர்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அக்டோபரில் பால் காய்ச்ச வந்தபோதே பார்த்தேன். ஃபேமிலி ரூமில் நந்தினி பூஜை அலமாரி வைத்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே தெர்மோஸ்டாட். காலையும் சாயந்திரமும் அவள் விளக்கேற்றுகிறாள். நமக்கு வாய்த்த இடங்களைப் பார். அன்றைக்கு நான் சொல்லவில்லை. புது வீட்டில் கால் வைத்ததும் மாமியார் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாதே என்று வாயைக் கட்டிக்கொண்டேன். விளக்கை நகர்த்தச் சொல்லி அவளிடம் கேட்காதே. இப்போது வருகிற தெர்மோஸ்டாட்டுகளுக்குத் தனியாகக் குட்டி சென்ஸார் கிடைக்கிறது, அதை வாங்கி நீங்கள் அதிகம் இருக்கிற அறையில் வை. அங்கே எவ்வளவு சூடு என்பதை வைத்து ஃபர்னஸ் ஓடட்டும்.

அப்புறம் காற்று பலமாக அடிக்கிற ஒரு நாளில் ஊதுபத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு ஜன்னல், கதவு, ப்ளக் பாயின்ட் ஓரமாக மெதுவாகக் காட்டிக்கொண்டே போ. கர்ட்டனில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள். புகை எங்கே நேராகப் போகாமல் அலைபாய்கிறதோ அங்கே வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். உன் வாசல் கதவின் அடியில் நிச்சயம் வரும், பால் காய்ச்சிய அன்று என் கால் விரல் அங்கே விறைத்தது. கதவடியில் ரப்பர் பட்டை போட அரை மணி நேரம் ஆகாது. ஆளில்லாத அறையில் சூட்டுக்காற்று வருகிற வென்ட்டையெல்லாம் மூடி வைக்காதே. நான் மூடி வைத்து, ரிப்பேருக்கு வந்தவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஃபர்னஸுக்கு மூச்சு முட்டுமாம். ஃபில்டரை மறக்காமல் மாற்று. பகலில் வெயில் விழுகிற பக்கத்துக் கர்ட்டனைத் திறந்து வை. சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தெருவுக்கு ஹீட்டர் போட எனக்கு இன்றைக்கும் மனசு வராது. ஓட்டையை அடைத்து மிச்சம் பிடி. வீட்டில் இருக்கிறவர்களைக் குளிரவிட்டு மிச்சம் பிடிக்காதே. நந்தினி குளிர்கிறது என்று சொன்னால் சுவரில் இருக்கிற நம்பரைப் படித்துக் காட்டாதே. எழுந்து போய் அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நீயும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்.

இதோடு முடித்திருப்பேன். சற்று முன் அப்பாவிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இவ்வளவு எழுதிட்டு அதைச் சொல்லாம விடறியே" என்றார். அவர் சொல்வது நியாயம்தான், அதனால் சொல்கிறேன்.

என் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது. தைராய்டில். வருஷாந்தர செக்கப்பில் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட் பண்ணலாம் என்கிறாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்கிறாள். இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றும் சொல்கிறாள். இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, "என்னம்மா, டல்லா இருக்கீங்க?" என்று கேட்டாயே, "ஒண்ணுமில்லடா, தூக்கம் சரியில்ல" என்று சொன்னேனே, அது பொய். பையனிடம் சொல்லலாமா என்று அப்பா கேட்டதற்கு, முதலில் ரிசல்ட் வரட்டும், எல்லாம் தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் தடுத்தேன்.

இன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது, கௌதம். அது என்ன கட்டி என்று தெரியாது. அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. குளிக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அப்பாவிடம்கூட பயம் என்கிற இந்த வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு அந்த ஊசி டெஸ்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட். அப்பா கூட வருகிறார், ஆனால் அவர் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்கிறார். நீ எதையும் தேடிப் படித்து எனக்கு அனுப்பவேண்டாம், டாக்டரிடம் எதுவும் கேட்கவேண்டாம், எனக்குத் தைரியமும் சொல்லவேண்டாம். லீவு கிடைத்தால் வந்து வெயிட்டிங் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள். நீ அங்கே இருந்தால் எனக்குத் தேவலையாக இருக்கும்.

அம்மா